பேனா தங்கும் நோட்டு: பைண்டரிடம் கேள்வி பதில்

வணக்கம். சிவகாசியில் டைரியும் கணக்கு நோட்டும் பைண்டிங் செய்து 28 ஆண்டுகள் ஆகின்றன. பேனா வைக்க இடமுள்ள நோட்டை எப்படி அமைப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். கேட்பதற்கு முன் எந்தப் பேனா என்று முடிவு செய்து, அதன் பருத்த இடத்தை அளந்து வையுங்கள்.

கல்லூரி மாணவி, கோவை: ஐயா, துறைக் கருத்தரங்குக்காக 50 நோட்டுகளை நாங்களே செய்கிறோம். ஏ5 அளவு, 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) தாள். பின்னட்டையில் பேனா வளையம் வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பேனாவிலிருந்து, அம்மா. 50 பேருக்கும் ஒரே பேனா கொடுக்கப் போகிறீர்கள் என்றால் பாதி வேலை முடிந்தது. ஒரு காகிதத் துண்டைப் பேனாவின் பருத்த இடத்தில் சுற்றி, முனைகள் சந்திக்கும் இடத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். 11 மி.மீ. பருமனுள்ள பேனாவுக்கு ஏறக்குறைய 35 மி.மீ. வரும். வளையம் ரெக்சினோ துணியோ என்றால் 3 மி.மீ. கூட்டுங்கள். எலாஸ்டிக் என்றால் 3 மி.மீ. குறையுங்கள். இரு முனையிலும் ஒட்டுவதற்கு 20, 20 மி.மீ. விடுங்கள். ஆக ரெக்சின் துண்டு 78, எலாஸ்டிக் துண்டு 72.

அடுத்தது கனம். 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று ஏறத்தாழ 0.1 மி.மீ. இருக்கும். 192 பக்கம் என்றால் 96 தாள், கிட்டத்தட்ட 10 மி.மீ. இரண்டு பக்கமும் 2 மி.மீ. அட்டை சேர்ந்தால் 14. இதன் ஓரத்தில் 11 மி.மீ. பேனா அடங்கி உட்காரும். அதே பேனாவை 80 பக்க நோட்டில் மாட்டினால் நோட்டைவிடப் பேனா தடித்துவிடும். பையில் மற்ற புத்தகங்களோடு நெருக்கும்போது அட்டை வளைந்துபோகும். மெல்லிய நோட்டுக்கு மெல்லிய பேனாதான்.

இனி வளையத்தை ஊன்றும் இடம். இங்கேதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். அட்டைக்குத் துணி போர்த்தி ஓரம் மடித்த பிறகு, உட்புறத் தாளை ஒட்டுவதற்கு முன் வளையம் உள்ளே போக வேண்டும். அப்படியே வைத்து ஒட்டினால் மேலே மேடு தெரியும். அந்த மேட்டின் தடம் கடைசிப் பத்துப் பக்கங்களிலும் பதியும். எழுதும்போது பேனா அங்கே தட்டும். ஆகவே துணி போர்த்துவதற்கு முன்பே, வளையத்தின் கால்கள் படியும் இடத்தை அட்டையில் கத்தியால் மெல்லக் கீறி, மேலடுக்கை மட்டும் உரித்துவிடுங்கள். 1 மி.மீ. பள்ளம் போதும். கால்கள் அதில் பதிந்து, மேலே தாள் ஒட்டியதும் விரலால் தடவினாலும் தெரியாது. மைதாப் பசை எலாஸ்டிக்கைப் பிடிக்காது. வெள்ளைப் பசை பூசி, ஓர் இரவு முழுக்கக் கனத்தின் கீழ் வையுங்கள்.

கடைசியாக உயரம். நட்டநடுவில் வைக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். வைக்காதீர்கள். பேனா 140 மி.மீ., நோட்டு 210 மி.மீ. கிளிப் வளையத்தின் மேல் விளிம்பில் மாட்டிப் பேனா கீழே தொங்கும். நடுவில் வைத்து, வளையத்தின் மேல் விளிம்பு மேலிருந்து 95 மி.மீ.-இல் இருந்தால் பேனாவின் நுனி 20 மி.மீ. அளவுக்கு நோட்டுக்குக் கீழே நீட்டிக்கொள்ளும். முதல் தடவை கீழே விழும்போதே முனை போய்விடும். மேலிருந்து 50 மி.மீ. சரியாக இருக்கும்.

திருச்சியிலிருந்து: எத்தனை மி.மீ. எலாஸ்டிக் வாங்க வேண்டும்?

மேலே கோவை மாணவிக்குச் சொன்ன கணக்குதான். அகலம் மட்டும் சொல்கிறேன்: 20 முதல் 25 மி.மீ. அதைவிடக் குறுகினால் பேனா ஆடும்.

நர்ஸ், திண்டுக்கல்: சீருடைப் பையில் வைக்கும் சின்ன நோட்டு வேண்டும். பக்கத்தில் வளையம் வைத்தால் பைக்குள் போகவில்லை.

போகாதுதான். ஏ6 நோட்டின் அகலமே 105 மி.மீ.; வளையமும் பேனாவும் சேர்ந்து இன்னும் 12 மி.மீ. கூட்டிவிடும். உங்களுக்கு மேல்பக்கம் திறக்கும் ஸ்பைரல் நோட்டுதான் ஏற்றது. தாளுக்குத் தேவையானதைவிட இரண்டு அளவு பெரிய ஸ்பைரல் போடச் சொல்லுங்கள். மெல்லிய பேனா அந்தக் கம்பிச் சுருளுக்குள்ளேயே படுத்துக்கொள்ளும். தனி வளையமே வேண்டாம்.

ஓய்வுபெற்ற கணக்கர், காரைக்குடி: வளையம், எலாஸ்டிக் எல்லாம் எதற்கு? என் தாத்தாவின் கடைக் குறிப்பேட்டில் முதுகிலேயே ஓட்டை இருந்தது. பென்சில் அதற்குள் இருக்கும். நீங்கள் ஏன் அதைச் சொல்வதில்லை?

ஐயா, காரணத்தோடுதான் சொல்லாமல் இருக்கிறேன். தைத்த நோட்டை விரித்து மேசையில் வைத்துப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். தாள்கட்டின் முதுகு மேலே எழும்பும். அட்டையின் முதுகு அதைவிட்டு விலகிக் கீழே நிற்கும். நடுவில் வரும் அந்த இடைவெளியால்தான் நோட்டு தட்டையாக விரிகிறது. பேனா வைக்க அங்கே ஒரு குழலைத் திணித்தால் முதுகு மடங்க இடமிருக்காது. விரிக்கும் ஒவ்வொரு தடவையும் இழுவை முழுவதும் அட்டை மடங்கும் கீலுக்குப் போகும். கீல் துணி கிழிந்துவிடும். அப்படிக் கிழிந்து வந்தவற்றுக்கு என் கையாலேயே மறுபடி துணி போட்டிருக்கிறேன்.

அதே காரைக்குடி ஐயா: தாத்தாவின் குறிப்பேடு 40 வருடம் கிழியவில்லையே!

அந்தக் குறிப்பேடு எத்தனை விரல் கனம், ஐயா? பென்சிலா, பேனாவா?

வடிவமைப்பு மாணவர், சென்னை: நானும் காரைக்குடி ஐயாவின் பக்கம். ஜப்பானின் ஹோபோனிச்சி நாட்குறிப்பு உறையில் பேனாவே பூட்டாக இருக்கிறது. நீங்கள் மறுப்பது பழைய பழக்கத்தால்தானே?

தம்பி, ஹோபோனிச்சி உறையைச் சரியாகப் பாருங்கள். அதில் பேனா இருப்பது முதுகில் இல்லை, திறக்கும் பக்கத்தில். முன்னட்டையில் ஒரு வளையம், பின்னட்டையில் ஒரு வளையம். மூடும்போது இரண்டும் கதவுக் கீலைப் போல ஒரே கோட்டில் வந்து நிற்கும். பேனாவை இரண்டுக்குள்ளும் செருகினால் நோட்டு பூட்டிக்கொள்ளும். அருமையான அமைப்பு. பேனாவை எடுக்காமல் நோட்டைத் திறக்க முடியாது; ஆகவே எழுத உட்காரும்போது பேனா கையில் இருக்கும். இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் இரண்டு வளையமும் ஒன்றுக்கொன்று 1 மி.மீ. இடைவெளி விட்டு, மேல் கீழாக அமைய வேண்டும். அட்டை ஈரத்தில் கொஞ்சம் வளைந்தாலும் பேனா உள்ளே போகாது. தாளின் நாரோட்டமும் அட்டையின் நாரோட்டமும் முதுகுக்கு இணையாக இருந்தால்தான் வளையாமல் நிற்கும். வெட்டுவதற்கு முன் அட்டையை இரு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்த மடிப்புக்கோட்டின் திசைதான் நாரோட்டம்.

காரைக்குடி ஐயா: இரண்டு விரல் கனம். பென்சில்தான்.

அப்படியானால் உங்கள் தாத்தாவின் பைண்டர் கெட்டிக்காரர், ஐயா. நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். இரண்டு விரல் கனம் என்றால் 30 மி.மீ.க்கு மேல். அவ்வளவு அகலமான உருண்டை முதுகில் இடைவெளி நிறைய வரும். பென்சில் 7 மி.மீ.தான், முதுகு மடங்குவதைத் தடுக்காது. கனமான கணக்குப் புத்தகத்துக்குப் பென்சில் குழல் சரி. 100 தாள் நோட்டில் 12 மி.மீ. பேனாவுக்குச் சரிவராது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தக் குறிப்பேடு இன்னும் இருந்தால் எனக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்.

மதுரை: எலாஸ்டிக் எந்த அளவு?

பேனாவை அளந்தீர்களா? அளந்துவிட்டுக் கோவை மாணவியின் பதிலைப் படியுங்கள்.

ஈரோட்டிலிருந்து: எலாஸ்டிக் ஒரே வருடத்தில் தளர்ந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

நம் ஊர் வெயிலும் கை வியர்வையும் எலாஸ்டிக்கின் உள்ளிருக்கும் ரப்பரைத் தின்றுவிடும். நிரந்தரமாக ஒட்டாமல், அட்டையில் இரண்டு பிளவு வெட்டி எலாஸ்டிக்கை அதன் வழியே கோத்து, உட்புறம் முடிச்சிட்டுவிடுங்கள். தளர்ந்தால் பத்து ரூபாய்க்குப் புதிது மாற்றலாம். ஜெர்மனியின் லாய்ஷ்டுர்ம் 1917 நிறுவனம் ஒட்டிக்கொள்ளும் வளையத்தைத் தனியாகவே விற்கிறது. பத்து நாள் பயணத்துக்கு அது போதும். தினமும் கையாளும் நோட்டுக்கு உள்ளே ஊன்றியதுதான் நிற்கும்.

இடக்கைப் பழக்கமுள்ள ஆசிரியை, தஞ்சாவூர்: எல்லா நோட்டிலும் வளையம் வலப்பக்கம் இருக்கிறதே?

நல்ல கேள்வி, அம்மா. உங்களுக்கு அது நன்மைதான். பின்னட்டை வளையம், வலது பக்கத்தில் எழுதும் வலக்கைக்காரரின் மணிக்கட்டுக்கு அடியில் இடறும். உங்கள் கை அங்கே போகாது. வளையத்தை முன்னட்டைக்கு மாற்றச் சொல்லாதீர்கள்.

சேலம்: மைப் பேனாவை வளையத்தில் வைத்தால் மூடி மட்டும் வளையத்தில் நின்றுவிடுகிறது.

உடலைப் பிடித்து இழுக்கிறீர்கள். மூடியைப் பிடித்து எடுங்கள். திருகு மூடி உள்ள பேனா நல்லது. முனை மேலே பார்க்கட்டும்; இல்லையென்றால் மை கசியும்.

திருப்பூர்: இப்படி ஒரு நோட்டு செய்திருக்கிறேன். யாரும் நகல் எடுக்காமல் பதிவு செய்யலாமா?

இது என் துறை இல்லை. வடிவமைப்புச் சட்டம் 2000-இன் கீழ்ப் பதிவு உண்டு. அதை வெளியில் காட்டுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். விற்கத் தொடங்குவதற்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

விருதுநகர்: தாள்களுக்கு நடுவில் பேனாவை வைத்து மூடினால் என்ன? வளையச் செலவு மிச்சமாகுமே.

வேண்டவே வேண்டாம். பாரங்களுக்கு, அதாவது மடித்துத் தைத்த தாள் கொத்துகளுக்கு, நடுவே 10 மி.மீ. பொருளை வைத்து அழுத்தினால் தையல் நூல் அந்த இடத்தில் தாளை அறுக்கும். தைக்காமல் பசையால் ஒட்டிய நோட்டு என்றால் முதுகு அங்கேயே பிளந்து, தாள் கொத்தாகக் கையில் வரும். வளையம் போட வசதியில்லை என்றால் பேனாவைச் சட்டைப் பையில் வையுங்கள்.

நாகர்கோவில்: ஐயா, எலாஸ்டிக் எத்தனை மி.மீ.?

பேனாவை அளந்து, அந்த எண்ணோடு வாருங்கள், தம்பி. காத்திருக்கிறேன்.

நாகர்கோவில்: 9 மி.மீ.

சுற்றளவு 28. எலாஸ்டிக்குக்கு 3 கழித்தால் 25, ஒட்டுவதற்கு 40. மொத்தம் 65 மி.மீ. வெட்டிக்கொள்ளுங்கள்.