உறைபனிக் கருவியை நாமே செய்யலாமா?

கேள்வி: ஊட்டியை அடுத்த தலைக்குந்தா பக்கம் அரை ஏக்கரில் உருளைக்கிழங்கு போடுகிறோம். உறைபனி இறங்கும்முன் போனுக்குத் தகவல் அனுப்பும் ஓப்பன் சோர்ஸ் (யாரும் பார்த்து, திருத்தி, செய்துகொள்ளலாம் என்று திறந்துவிட்ட) கருவியின் வரைபடம் இலவசமாகக் கிடைத்தது. எனக்கும், ஊரில் பத்து பேருக்கும் செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். முதலில் ஒன்றே ஒன்று செய்து தோட்டத்தில் நிறுத்துங்கள். டிசம்பர், ஜனவரி தாண்டட்டும்; அப்புறம் மற்றவர்களுக்கு.

மென்பொருளை நகல் எடுத்தால் பொருளே கைக்கு வந்துவிடும். இங்கே வரைபடம்தான் இலவசம். ஒவ்வொரு சர்க்யூட் போர்டையும் காசு போட்டு வாங்கி, சால்டர் செய்து, சோதித்தாக வேண்டும். பலர் சறுக்குவது சென்சாரில். டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார் அசலாக இருந்தால் அரை டிகிரிக்குள் சரியாகக் காட்டும். சந்தையில் அதே பெயரில் போலிகள் ஏராளம். ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, சென்சாரை முக்கி, கலக்கிக்கொண்டே கால் மணி நேரம் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி நின்றால் சரி. இரண்டு டிகிரி தள்ளி நின்றால் தூக்கிப் போடுங்கள்.

சென்சாரை ஆள் உயரத்தில் கட்டாதீர்கள். மேகமும் காற்றும் இல்லாத இரவில் மேலே 3 டிகிரி இருக்கும்போதே கீழே இலையில் பனி உறைந்துவிடும். செடி உயரத்தில், தோட்டத்தின் பள்ளமான மூலையில் வையுங்கள். குளிர்காற்று அங்கேதான் வந்து தேங்கும்.

இன்னொன்று பேட்டரி. லித்தியம் அயான் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து கெட்டுப்போகும். உறைந்த காலையில் சோலார் தகட்டில் முதல் வெயில் பட்டதும் இதுதான் நடக்கும். குளிரில் சார்ஜை நிறுத்தும் வசதி வரைபடத்தில் இல்லையென்றால் நீங்களே சேர்க்கலாம். ஓப்பன் சோர்ஸில் எனக்கு மிகவும் பிடித்ததே இந்த உரிமைதான். அதற்கு வெறும் படம் போதாது. கீகேட் (KiCad) போன்ற சர்க்யூட் வரையும் மென்பொருளில் திறந்து திருத்தும் மூல ஃபைலும், பாகங்களின் பட்டியலும் வேண்டும்.

மற்றவர்களுக்குக் கொடுக்குமுன் உரிமத்தைப் படியுங்கள். செர்ன் (CERN) என்ற ஐரோப்பிய அணு ஆய்வு மையம் 2020-ல் வெளியிட்ட வன்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் மூன்று வகை உண்டு. 'எஸ்' வகையானால் நீங்கள் திருத்திய வரைபடத்தையும் வாங்குபவருக்குத் தர வேண்டும். ஆர்டுயினோ என்ற பிரபலமான ஓப்பன் சோர்ஸ் போர்டைப் பார்த்து அதேபோல் செய்யலாம். அந்தப் பெயரைப் போட்டு விற்க முடியாது, அது வணிகக்குறி.

ஜனவரி ராத்திரியில் கருவி பேசாமல் போனால் பக்கத்துத் தோட்டக்காரர் உங்கள் கதவைத்தான் தட்டுவார். உபரியாக இரண்டு போர்டும், ஐஸில் சோதித்த நாலு சென்சாரும் எடுத்து வைத்து, அந்தச் செலவையும் விலையில் சேருங்கள்.