வீட்டில் கட்டும் விமானத்தில் தரைத் தகட்டை ரிவெட் அடிப்பதா, திருகு போடுவதா?

ஆர்வி-7 போன்ற அலுமினிய விமானத்தைச் சொந்தமாகக் கட்டுகிறவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்கத்தான் வேண்டும். நிரந்தரத் தகடு என்றால் ரிவெட், அதாவது முனையை நசுக்கி இறுக்கும் உலோக ஆணி, அடித்தது. எடுக்க ஒவ்வொரு ரிவெட்டின் தலையையும் டிரில்லால் குடைய வேண்டும். கழற்றும் தகட்டுக்கு அடியில் நட்டுகளை முன்பே பொருத்திவிடுவார்கள், ஸ்குரூடிரைவர் போதும்.

முடிவு செய்யவேண்டியது தகட்டை வைத்து அல்ல, அதன் அடியில் ஓடுவதை வைத்து. கட்டுப்பாட்டுத் தண்டு, எரிபொருள் குழாய், மின்கம்பி எல்லாமே அங்கேதான் போகலாம். அமெரிக்காவில் இவ்வகை விமானத்தை 12 மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். அப்போது பார்க்க வேண்டியது ரிவெட் அடித்த தகட்டின் அடியில் இருந்தால், சுவருக்குள் புதைத்த குழாய் கசிந்தால் டைல்ஸை உடைக்கிறோமே, அதே கதைதான். விரல் வைத்துத் தடவிப் பார்க்க வேண்டிய இணைப்பு இருந்தால் நான் திருகுதான் போடுவேன். ஒவ்வொரு நட்டுக்கும் மூன்று துளை, கொஞ்சம் கூடுதல் எடை, பரவாயில்லை. எதுவும் ஓடாத இடத்துக்கு ரிவெட்டே நல்லது.

கழற்றும் தகடு வெறும் மூடி என்று நினைத்துத் திருகுகளைக் குறைத்துவிடாதீர்கள். பல இடங்களில் அதுவும் உடற்பகுதியின் விறைப்பில் பங்கு வகிக்கிறது.