புரட்டிப் பார்த்து வாங்குங்கள்: பழைய சேணம், கடிவாளம் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: கன்சைன்மென்ட் கடையில் (நம் பொருளை நமக்காக விற்றுக் கொடுக்கும் கடை) 40 சதவீதம் கமிஷன் கேட்கிறார்கள். இது அநியாயம் இல்லையா?

25 முதல் 40 வரை கேட்பது வழக்கம்தான். சேணத்துக்குக் குறைவாக இருக்கும். பிட் (குதிரையின் வாயில் வைக்கும் கடிவாள இரும்பு), லகான், துணி மாதிரி சில்லறைச் சாமான்களுக்குக் கூடுதலாக இருக்கும். ஒரு பிட்டைக் கழுவி, அளந்து, படமெடுத்து, சீட்டு கட்டவும் நேரம் பிடிக்கிறது. விலையோ சேணத்தின் விலையில் ஒரு துளி.

சதவீதத்தைவிட, எந்த விலையின் மேல் அந்தச் சதவீதம் என்பதுதான் முக்கியம். பல கடைகளில் 30 நாள் கழித்து 10, 60 நாள் கழித்து 20 சதவீதம் தாமாகவே விலை இறங்கும். 1000 என்று சீட்டு போட்ட பொருள் 800க்குப் போனால், 40 கழித்து உங்கள் கைக்கு வருவது 480. படம், சுத்தம் செய்த கூலி, கார்டு கட்டணம் எல்லாம் தனி என்றால் அதிலும் குறையும். எனவே "எனக்கு இதற்குக் கீழே வரக்கூடாது" என்று ஒரு தொகையைச் சொல்லிவிடுங்கள். அதை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: என்னிடம் 17 இன்ச் சேணம் ஒன்று உள்ளது. நல்ல நிலை. என்ன விலைக்குப் போகும்?

இந்தக் கேள்வியோடு வந்த படம் ஒன்றே ஒன்று. வேலிமேல் கிடக்கும் சேணத்தை எட்டத்தில் நின்று எடுத்திருக்கிறீர்கள். தயாரிப்பாளர் பெயர் இல்லை, வயது இல்லை, தாவலுக்கானதா, டிரெஸ்ஸாஜுக்கானதா (குதிரையை நுணுக்கமாக நடத்திக் காட்டும் போட்டி) என்பதும் இல்லை. 17 இன்ச் என்பது ஆள் உட்காரும் அளவு. அதை மட்டும் வைத்து விலை சொல்கிறவர் ஊகித்துத்தான் சொல்கிறார்.

கடைக்கு அனுப்ப வேண்டியவை இவை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு படம், மேலிருந்து ஒன்று, பின்னாலிருந்து நேராக ஒன்று, கவிழ்த்துப் போட்டு பேனல் (குதிரையின் முதுகில் படியும் மெத்தை) முழுவதும் தெரிய ஒன்று, ஃபிளாப்பை (பக்கவாட்டில் தொங்கும் தோல் மடல்) தூக்கி பில்லட் வார்கள் தெரிய இருபுறமும், கடைசியாக முத்திரையும் வரிசை எண்ணும் கிட்டத்தில் தெரிய ஒன்று. முத்திரை பெரும்பாலும் ஃபிளாப்புக்கு அடியிலோ பில்லட் வாரிலோ இருக்கும். திருட்டுச் சேணம் இல்லை என்று காட்ட முதலில் உதவுவது அந்த எண்தான். பழைய ரசீதும் இருந்தால் சேர்த்து அனுப்புங்கள்.

அளவை எடுக்கும் முறையும் முக்கியம். ஆங்கிலச் சேணத்தில் முன்பக்கத்து ஆணித்தலையிலிருந்து பின்மேட்டின் நடு உச்சி வரை டேப்பை இழுத்துப் பிடிக்க வேண்டும். வெஸ்டர்ன் சேணத்தில் அளக்கும் இடமே வேறு. அதே ஆளுக்கு அங்கே சுமார் 2 இன்ச் குறைவாக வரும். எந்த வகை என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதுவதால் வரும் தகராறு கொஞ்சநஞ்சமல்ல.

கேள்வி: பழைய ஹெல்மெட்டையும் சேர்த்து விற்கலாமா?

கூடாது. உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை அடி வாங்கினால் நசுங்கிவிடும். வெளியே கீறல்கூடத் தெரியாது. வாங்கவும் கூடாது.

கேள்வி: சேணத்தின் ட்ரீ (உள்ளே இருக்கும் சட்டம்) உடைந்திருக்கிறதா என்று கடையிலேயே எப்படிப் பார்ப்பது?

சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் நீங்களே பாருங்கள். இரண்டு சோதனைகள், இரண்டு நிமிடம்.

முதலில், சேணத்தின் முன்மேட்டை உங்கள் வயிற்றில் முட்டுக்கொடுத்து, பின்மேட்டை இரு கையாலும் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள். ஸ்பிரிங் ட்ரீ (எஃகுப் பட்டை வைத்தது) என்றால் கொஞ்சம் வளைந்து, விட்டதும் திரும்பும். அது குறையல்ல. ஆனால் இருக்கையின் குறுக்கே தோல் மடிந்து கோடு விழுந்தால், அல்லது ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக இறங்கினால், கீழே வைத்துவிடுங்கள்.

அடுத்து, முன்மேட்டுக்கு இருபுறமும் கீழே இறங்கும் முனைகளைப் பிடித்து உள்ளே அழுத்துங்கள், பிறகு வெளியே இழுங்கள். அந்த வளைவு இரும்புத் தகடு போட்டு இறுக்கியது, அசையவே கூடாது. அசைந்தாலோ, "டக்" என்று சத்தம் கேட்டாலோ, நறநறவென்று உராய்ந்தாலோ உடைந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். புதுத் தோலின் கிறீச் சத்தம் வேறு. அது மேலே, இருக்கையில் கேட்கும்.

குதிரை சேணத்தோடு புரண்டாலும், சேணம் ஸ்டாண்டிலிருந்து முன்மேடு தரையில் படும்படி விழுந்தாலும் ட்ரீ உடையும். உறுதியாகச் சொல்ல, சேணம் தைப்பவர் பிரித்துப் பார்க்க வேண்டும். உடைந்ததை மாற்றும் செலவு பெரும்பாலும் பழைய சேணத்தின் விலையையே தாண்டும். "சரிசெய்து கொள்ளலாம்" என்று கடைக்காரர் சொன்னால், அவரையே சரிசெய்து விற்கச் சொல்லுங்கள்.

கேள்வி: விற்பதற்கு முன் சேணத்துக்கு எண்ணெய் நன்றாக ஊற்றி ஊறவைத்தேன். கறுத்து, மினுமினு என்று அருமையாக இருந்தது. கடையில் வாங்க மறுத்துவிட்டார்கள். ஏன்?

அவர்கள் செய்தது சரி. இந்தக் கேள்வி எத்தனை முறை வந்தாலும் பதிலைச் சுருக்க மனம் வருவதில்லை.

தோல் என்பது நார்களின் பின்னல். அளவான கொழுப்பு இருந்தால் நார்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி வளையும். அளவு மீறினால் பின்னலே தளர்ந்துவிடும். அதன்பின் அந்தத் தோல் பாரம் தாங்காமல் இழுபடும். சேணத்தில் இழுபடவே கூடாத இடம் பில்லட் வார்கள், அதாவது கிர்த்தை (குதிரையின் வயிற்றுப்பட்டை) மாட்டும் பட்டைகள். எண்ணெயில் ஊறிய பில்லட்டின் ஓட்டையைப் பாருங்கள்: வட்டமாக இருந்தது முட்டை வடிவமாகியிருக்கும், விளிம்பு பிதுங்கியிருக்கும். குதிரை பாய்ந்து ஓடும்போது சேணம் நிற்பதும் சரிவதும் அந்த ஓட்டையைப் பொறுத்தது.

பேனல் வழியாக இறங்கும் எண்ணெய் உள்ளே இருக்கும் கம்பளியைக் கட்டி கட்டியாக்கும். அந்தக் கட்டி குதிரையின் முதுகில் போய் அழுத்தும். பேனலைப் பிரித்து, பழைய கம்பளியை எடுத்துவிட்டுப் புதிதாக அடைப்பதைத் தவிர அதற்கு வழியில்லை. கறுப்புச் சாயம் வாங்குகிறவரின் கால்சட்டையில் ஏறும். வெயில் காலத்தில் எண்ணெய் தானே கசியும்.

காய்ந்து வெடித்த தோலுக்கு எண்ணெய் விடுவது இதைவிட மோசம். அறுந்த நாரை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது. நீட்ஸ்ஃபுட் எண்ணெயோ வேறு எதுவோ, வெடிப்பைச் சில வாரம் மறைக்கும், அவ்வளவுதான். அந்தச் சில வாரத்துக்குள் சேணம் கைமாறிவிடும். வாங்கியவர் அதில் ஏறி உட்காருவார், சில சமயம் ஒரு குழந்தை ஏறி உட்காரும். வேண்டுமென்றே செய்கிறவர்களும் இருக்கிறார்கள், தெரியாமல் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அறுந்த பில்லட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

சரியான முறை: எல்லா வார்களையும் பக்கிள்களையும் கழற்றுங்கள். பிழிந்த ஸ்பாஞ்சால் தூசியைத் துடையுங்கள். சாடில் சோப்பை நுரை வராத அளவுக்கு மட்டும் ஈரம் தொட்டுத் தேயுங்கள். நுரை பொங்கினால் தண்ணீர் அதிகம். வியர்வை உப்பு சேர்ந்து கறுத்த மணிகளை நகத்தால் சுரண்டாமல், ஈரத்துணியை வைத்து ஊறவிட்டு எடுங்கள். நிழலில் ஒரு நாள் காயட்டும். பிறகு கண்டிஷனர், ஒரு கடிவாளம் முழுமைக்கும் ஒரு தேக்கரண்டி போதும், சொரசொரப்பான உள்பக்கத்தில் தடவி, அரை மணி கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். பில்லட்டுக்கு இதிலும் குறைவு.

ஏற்கெனவே ஊறவைத்துவிட்ட உங்களுக்கு: உறிஞ்சும் பழைய பருத்தித் துணியைச் சுற்றி, வெதுவெதுப்பான நிழலில் ஒரு வாரம் வையுங்கள். துணியைத் தினமும் மாற்றுங்கள். பிறகு சேணம் தைப்பவரிடம் கொடுத்து பில்லட்டுகள் அனைத்தையும் இருபுறமும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் நீளம் ஒத்துவராது. மாற்றிய ரசீதோடு கடைக்குப் போனால் மரியாதை கிடைக்கும்.

வாங்குகிறவர்களுக்கு: வாரை விரலைச் சுற்றி வளைத்து, மேல்தோலில் குறுக்கு வெடிப்பு வருகிறதா என்று பாருங்கள். முதலில் பக்கிளுக்குள் மடிந்திருக்கும் இடத்தைத் திறந்து பாருங்கள். வெள்ளைக் காகிதத்தை அழுத்திப் பத்து எண்ணுங்கள். அப்போது கறை படிந்தால் பேரம் பேச வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தையல் நூலை நகத்தால் நெருடினால் அறுகிறதா என்றும் பாருங்கள். பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள், புரட்டிப் பாருங்கள்.

கேள்வி: "மீடியம்" என்று சீட்டு இருந்த சேணம் வாங்கினேன். குதிரையின் தோளைக் கடிக்கிறது. கடை ஏமாற்றிவிட்டதா?

இல்லை. இது முன்வளைவின் அகலம். ஒரு தயாரிப்பாளரின் மீடியம் இன்னொருவருக்கு நேரோ (குறுகல்). பொதுவான அளவுகோல் கிடையாது. குதிரையின் தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் இரண்டு விரல் தள்ளி, வளையும் ரூலரை முதுகின்மேல் படியவைத்து, அந்த வளைவைக் காகிதத்தில் வரைந்து எடுத்துப் போங்கள். கடையில் சேணத்தின் முன்வளைவுக்குள் அதைப் பிடித்துப் பார்த்தால் பாதிச் சேணங்கள் அங்கேயே கழிந்துவிடும். போட்டுப் பார்க்கும்போது வெறும் முதுகில் வையுங்கள், துணி இல்லாமல். முதுகெலும்புக்கு மேல், இரு பேனல்களுக்கும் இடையே உள்ள கால்வாய் மூன்று விரல் அகலம் தெளிவாக இருக்க வேண்டும். பேனல் கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது.

கேள்வி: ஏழு நாள் சோதித்துப் பார்க்கக் கொடுக்கிறார்கள். கறை பட்டால் திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

நியாயம்தான். விற்றவருடைய பொருள் அது, இன்னும் உங்களுடையதல்ல. குதிரையைத் துடைத்துவிட்டு, மெல்லிய சுத்தமான துணி போடுங்கள். அங்கவடி வார் உரசித்தான் ஃபிளாப்பில் தழும்பு விழும். எனவே வார்களுக்கு நீளமான பழைய காலுறைகளை மாட்டுங்கள். தாவல் வேண்டாம், மழை வேண்டாம். கடையிலிருந்து எடுக்கும்போதே எல்லாப் பக்கமும் படம் எடுத்து, இருக்கும் கீறல்களைக் குறித்து, கடைக்காரரின் கையெழுத்து வாங்குங்கள்.

கேள்வி: அங்கவடி வார், பிட், கிர்த் இவற்றில் எதைப் பார்க்க வேண்டும்?

வார்: இரண்டையும் ஒரே ஆணியில் தொங்கவிடுங்கள். இடது பக்கமிருந்தே ஏறுவதால் ஒன்று நீண்டிருக்கும். அரை இன்ச் வரை பொறுக்கலாம். வாங்கிய பிறகு வாராவாரம் பக்கம் மாற்றிப் போடுங்கள்.

பிட்: மூட்டு இருக்கும் இடத்தில் பஞ்சைத் தேயுங்கள். பஞ்சின் இழை மாட்டினால் அங்கே கூர் இருக்கிறது. அது குதிரையின் நாக்கைக் கிழிக்கும். நிக்கல் பூச்சு உரிந்தது வேண்டவே வேண்டாம். எவர்சில்வர் பழையதானாலும் பரவாயில்லை. அளவு என்பது இரு வளையங்களுக்கும் இடையே உள்ள நீளம். வளையத்தைச் சேர்த்து அளந்துவிட்டு "சின்னதாக இருக்கிறது" என்று புகார் எழுதாதீர்கள்.

கிர்த்: எலாஸ்டிக் அலையலையாக இருந்தால் வேண்டாம்.

கேள்வி: விற்றுவிட்டது என்றார்கள். இரண்டு மாதமாகப் பணம் வரவில்லை.

ஒப்பந்தச் சீட்டு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன். விற்ற பணம் எத்தனை நாளில் வரும், சோதனைக்குக் கொடுத்த நாள்கள் அதில் சேருமா, கடையில் இருக்கும்போது திருடுபோனாலோ எரிந்தாலோ யார் பொறுப்பு, 90 நாளில் விற்காவிட்டால் யார் எடுத்துப் போவது, எடுக்கத் தவறினால் என்ன ஆகும் என்று ஐந்தையும் எழுத்தில் வாங்குங்கள். ஆறாவதாக, விற்கும் வரை பொருள் உங்களுடையதே என்ற வரி. கடை கடனில் மூழ்கினால் அந்த ஒரு வரிக்காக ஏங்குவீர்கள். இப்போதைக்கு, கொடுத்த தேதி, வரிசை எண், படங்கள், கடையின் செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, பணத்துக்குத் தேதி குறித்துக் கடிதம் கொடுங்கள். தொலைபேசியில் சண்டை போடாதீர்கள். அதற்குச் சாட்சி கிடையாது.

கேள்வி: பரணில் இருந்த கடிவாளத்தில் பூஞ்சணம். தேறுமா?

தோல் வளைந்தால் தேறும். வீட்டுக்கு வெளியே வைத்து, முகமூடி கட்டிக்கொண்டு உலர்ந்த பிரஷால் தட்டுங்கள். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, கண்ணில் படாத இடத்தில் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டுத் துடையுங்கள். பிறகு மேலே சொன்ன சோப், நிழல், துளி கண்டிஷனர். பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்ததால்தான் பூத்தது. பருத்தி உறை போடுங்கள்.

கேள்வி: எங்கள் குதிரைக்குப் படர்தாமரை வந்து குணமாகிவிட்டது. அதன் துணிகளை விற்கலாமா?

அந்தப் பூஞ்சையின் வித்துகள் துணியிலும் தோலிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மனிதர்களுக்கும் ஒட்டும். தாங்கும் துணி என்றால் 60 டிகிரி வெந்நீரில் பூஞ்சைக்கொல்லி சேர்த்து இரண்டு முறை துவைத்து, கடைக்காரரிடம் நோய் வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். வேண்டாம் என்றால் எடுத்து வந்துவிடுங்கள். பிரஷ்கள், ஆட்டுத்தோல் வைத்த கிர்த் உறை இரண்டையும் விற்க வேண்டாம், எரித்துவிடுங்கள்.