ஏரி இருக்கட்டும், அந்த மூன்று ராத்திரி?

கேள்வி: சான் ஹோசேயில் ஐ.டி. வேலை. கலிஃபோர்னியாவின் லேக் கவுண்டியில், கிளியர் லேக் ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு மர வீடு, மார்ச்சில் போய்ப் பார்த்தோம். விலை எங்களுக்குக் கட்டுப்படியாகும். வாரத்தில் மூன்று நாள் நானும் மனைவியும் சான் ஹோசேயில் தங்கிவிடுவோம், அம்மா வீட்டைப் பார்த்துக்கொள்வார் (வயது 72, கார் ஓட்டத் தெரியாது). வாங்கலாமா?

பதில்: வீட்டு விலை, வட்டி, ஏரிக்காற்று எல்லாம் வக்கணையாக எழுதிவிட்டு, பெற்றவளை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே தம்பி, அவர் என்ன வாட்ச்மேனா?

அது தீப்பிடிக்கிற பூமி. 2015 செப்டம்பர் 12 மதியம் அதே கவுண்டியில் காப் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு வீட்டு ‘ஹாட் டப்’ (உட்கார்ந்து குளிக்கிற வெந்நீர்த் தொட்டி) ஒயரிங் கோளாறில் பிடித்த தீ, அன்று ராத்திரிக்குள் பக்கத்து ஊரான மிடில்டவுனுக்குள் புகுந்துவிட்டது. சுமார் 76,000 ஏக்கர் எரிந்தது, 4 பேர் செத்தார்கள். 2018-இல் இன்னொரு தீ வந்து, ஏரிக்கரையில் இருக்கிற லேக்போர்ட் ஊரையே காலி செய்யச் சொன்னார்கள். அப்படி ஒரு ராத்திரி போனில் ஆங்கிலத்தில் எச்சரிக்கை வந்தால், கார் ஓட்டத் தெரியாத அம்மா என்ன செய்வார்? உங்களைக் கூப்பிடுவார். நீங்கள் மூன்று மணி நேரத் தொலைவில் இருப்பீர்கள், அதுவும் ரோடு திறந்திருந்தால்.

அப்புறம் வீட்டு விஷயம். இன்சூரன்ஸ் கம்பெனிகள் கைவிரித்தால், வேறு வழியில்லாதவர்களுக்கென்று கலிஃபோர்னியாவில் இருக்கிற ‘ஃபேர் பிளான்’ இன்சூரன்ஸ்தான் கதி, அது முக்கியமாகத் தீக்குத்தான். திருட்டுக்கும் குழாய் உடைந்த சேதத்துக்கும் தனி பாலிசி எடுக்க வேண்டியிருக்கும். கொட்டேஷன் கையில் வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். செப்டிக் டேங்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஏரியிலிருந்து சொந்தமாகக் குழாய் போட்டுத் தண்ணீர் எடுக்கிற வீடென்றால் வேண்டவே வேண்டாம்: கோடையில் நீலப்பச்சைப் பாசி, பச்சை பெயின்ட் கொட்டின மாதிரி கரையில் ஒதுங்கி நாறும், அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

மார்ச்சில் அந்த மலையெல்லாம் பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும். ஆகஸ்டில் போங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அங்கே நிற்க வைத்துக் கேளுங்கள். "உன் இஷ்டம்ப்பா" என்றால் அது சம்மதம் இல்லை, உங்களுக்கே தெரியும். அவர் மனசாரச் சரி என்றாலும், அந்த மூன்று ராத்திரியும் உங்களில் ஒருவர் கார் சாவியோடு அங்கே இருக்க வேண்டும். முடியாதென்றால் சான் ஹோசே வாடகை வீட்டிலேயே இருங்கள், மூன்று பேருமாக.