மாடி மழையும் கழுவிய தண்ணீரும்: மதுரை வணிகக் கட்டடங்களுக்கான கேள்வி பதில்

விளக்குத்தூண் ஜவுளிக்கடைக்காரர்: ஐயா, எங்கள் மொட்டைமாடி 6,000 சதுர அடி. மழைநீரைப் பிடித்தால் லாரித் தண்ணீர்ச் செலவு குறையுமா?

கட்டாயம் குறையும். ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். உங்கள் மாடி சுமார் 557 சதுர மீட்டர். மதுரையில் ஆண்டுக்குச் சுமார் 850 மி.மீ. பெய்கிறது. ஐந்தில் நான்கு பங்கு கைக்கு வந்தால் ஏறக்குறைய 3,80,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரிக்கு 31 நடை. ஆனால் அதில் ஏறத்தாழ பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே கொட்டிவிடும். எல்லாவற்றையும் தேக்கத் தொட்டி கட்டாதீர்கள். ஒரே நாளில் 50 மி.மீ. பெய்தால் 22,000 லிட்டர் வரும்; அந்த அளவுக்கு ஒரு தொட்டி போதும். நிரம்பி வழிவதை உறைகிணற்றுக்குத் திருப்புங்கள். முதல் மழையில் கோடைத் தூசியும் புறா எச்சமும் கரைந்து வரும். அதை வெளியேற்றத் தனி வால்வு வையுங்கள்.

திருப்பரங்குன்றம் மண்டப மேலாளர்: பந்தி முடிந்து கை கழுவும் தண்ணீரைத் தென்னைக்கு விடலாமா?

அதில் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் இருக்கும். சல்லடை, எண்ணெய் பிரிக்கும் தொட்டி, மணல் வடிகட்டி ஆகிய மூன்றையும் தாண்டிய பிறகே விடலாம். ஒரு நாளுக்கு மேல் தேக்கினால் நாறிவிடும். ஆழ்துளைக் கிணற்றுக்குள் மட்டும் ஒருபோதும் விடாதீர்கள்.

மாட்டுத்தாவணி விடுதி உரிமையாளர்: வற்றிய போர் ஒன்று சும்மா கிடக்கிறது. குளியலறைத் தண்ணீரை அதில் இறக்கலாமா?

கூடாது. மண் வழியாக இறங்கும் நீர் வடிகட்டப்படும். போர் வழியாகப் போவது சோப்பும் கிருமியுமாக நேரே நிலத்தடி நீரில் கலக்கும். பக்கத்து வீட்டார் குடிப்பதும் அந்த நீரைத்தான். குளியலறைத் தண்ணீரைச் சுத்திகரித்து, குளோரின் கலந்து, தனிக் குழாயில் கழிப்பறைக்குக் கொண்டுபோங்கள்.

கே.கே. நகர் உணவகத்தார்: பாத்திரம் கழுவும் தண்ணீரையாவது போரில் விடலாமா?

மேலே சொன்ன பதிலைப் படியுங்கள். கூடாது.

அண்ணா நகர் மருந்துக்கடைக்காரர்: ஏ.சி.யில் சொட்டும் நீர்?

தரை துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம். குடிக்கக் கூடாது.

ஒத்தக்கடை ஓய்வுபெற்ற ஆசிரியர்: உலகனேரிக் கண்மாயில் உயர் நீதிமன்றக் கிளையைக் கட்டிய ஊர் இது. மாடிக்குழாயால் என்ன ஆகிவிடும்? கண்மாய்களை மீட்காமல் இதெல்லாம் ஏமாற்று.

ஆசிரியர் ஐயா, முன்பாதி உண்மை. அதில் எனக்கும் ஆற்றாமை உண்டு. பின்பாதியை ஏற்க மாட்டேன். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஆண்டுக்கணக்கில் வறண்டு கிடந்தது. பனையூர் வாய்க்காலைச் சரிசெய்து வைகைத் தண்ணீரை விட்ட பிறகு, சுற்றியுள்ள போர்களில் மட்டம் ஏறியது. கண்மாய்க்கு வரத்துக்கால் எப்படியோ, கட்டடத்துக்கு மாடிக்குழாய் அப்படி. 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். மழைநீரை மண்ணில் இறக்க அப்போது தோண்டி, கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய குழிகளில் நான் திறந்து பார்த்தவை பெரும்பாலும் மண்மூடிக் கிடந்தன. கண்மாய் தூர்ந்ததற்கு அடுத்தவரைக் கேட்கிறோம்; நம் வாசல் குழி தூர்ந்ததற்கு யாரைக் கேட்பது?

அதே ஆசிரியர்: குழியை எப்போது தூர்வார வேண்டும்?

ஆவணி முடிவதற்குள். மேல் மணலை அள்ளிக் கழுவி, காயவைத்துத் திரும்பப் போடுங்கள். கூழாங்கல்லில் படிந்த வண்டலையும் அகற்றுங்கள். இரண்டு ஆட்களுக்கு அரை நாள் வேலை.

தெற்கு வாசல் அச்சகத்தார்: எங்கள் கழுவு நீரைப் போரில்…

கூடாது. அச்சு மை கலந்த நீரைச் செடிக்கும் விடாதீர்கள்.