கட்டைப் பிரி

அன்புள்ள ஐயா,

திருத்துறைப்பூண்டி பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. தலைமையாசிரியை அக்காவுக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். கடைசி வேலைநாள் சாயங்காலமே பஸ் ஏறிவிட்டார். மூன்று வாரமாகப் பேச்சில்லை. வாட்ஸப் குழுவில் காலை வணக்கமும் சுற்றறிக்கையும்தான் வருகின்றன. பிள்ளைகளைப் பற்றி யாரிடமாவது பேச மனசு அடித்துக்கொள்கிறது. லீவில் இருப்பவரைத் தொந்தரவு செய்யலாமா? வீட்டுக்காரர், "ஜூன்ல பாத்துக்கயேன்" என்கிறார்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

கூப்பிடுங்கள். ஜூனில் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் நடக்காத காரியம். சேர்க்கை, பாடநூல், சீருடை, எமிஸ் என்கிற கல்வித்துறை இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு என்று வந்துவிடும். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் உங்கள் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் நீங்கள் இருவரும் பதிவேட்டுக்குள் தலையை விட்டிருப்பீர்கள். ஒருவருக்கு ஒன்று முதல் மூன்று, இன்னொருவருக்கு நாலும் ஐந்தும் என்று பிரித்துக்கொண்டால் பக்கத்து அறையை எட்டிப் பார்க்கவும் நேரமிருக்காது. சத்துணவு எண்ணிக்கையைத் தவிர வேறெதுவும் பேசாமல் ஒரு பருவமே ஓடிவிடும். நான் அப்படி இருந்திருக்கிறேன்.

என் முதல் பள்ளி நீடாமங்கலம் பக்கம். கூட இருந்தவர் என்னைவிட மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஒரு மே மாதம், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று அவர் வீட்டுக்குச் சைக்கிளில் போனேன். வெண்ணாறு வெறும் மணலாகக் கிடந்தது. திண்ணையில் வீட்டோடு உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். பேச்சு எங்கெங்கோ போய், என் மூன்றாம் வகுப்பில் வந்து நின்றது. 42-இல் 17 போனால் பாதிப் பேர் 35 என்று எழுதினார்கள். ஏழில் ரெண்டைக் கழித்துவிடுவார்கள். "வருஷம் பூரா கடன் வாங்கு, கடன் வாங்குன்னு கத்திட்டேண்ணே" என்றேன்.

"எங்கிட்ட ஒரு பொண்ணு கேட்டுச்சு தம்பி, வாங்குன கடனை எப்ப சார் திருப்பிக் குடுக்கணும்னு. அன்னையோட அந்த வார்த்தையை விட்டுட்டேன்" என்றார் அண்ணன். முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை உருவினார். பத்துப் பத்தாக நூலால் கட்டி நாலு கட்டு, தனியாக ரெண்டு குச்சி. "இதுலேருந்து ஏழு குடுன்னு கேளு. ரெண்டை வச்சுக்கிட்டு புள்ள முழிக்கும். அப்புறம் தானா ஒரு கட்டைப் பிரிக்கும். பிரிச்சா பன்னெண்டு. கட்டைப் பிரி, அவ்வளவுதான் நான் சொல்றது."

நாலு வருஷமாக அடுத்தடுத்த அறையில் இருந்தோம். அன்றுவரை எனக்கு இது தெரியாது. அவர் ஒளித்துவைக்கவும் இல்லை. கேட்கிற பொழுது எங்களுக்கு வாய்க்கவில்லை.

உங்கள் விஷயத்தில் இன்னொரு அவசரமும் இருக்கிறது. கோடையை ஒட்டித்தான் மாறுதல் கலந்தாய்வும் வரும். அக்காவுக்குச் சொந்த ஊர்ப் பக்கம் இடம் கிடைத்தால் மகிழ்ச்சி, கிடைக்கட்டும். ஆனால் எந்தப் பெண்ணுக்குக் கரும்பலகை எழுத்து தெரிவதில்லை, எந்தப் பையன் அதட்டினால் மறுநாள் வரமாட்டான், யாருடைய அம்மா திருப்பூரில் வேலைக்குப் போயிருக்கிறார் என்பதெல்லாம் எந்தப் பதிவிலும் இராது. அக்கா மனசில் இருக்கிறது, அவரோடு பஸ் ஏறிவிடும். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். அவர்கள் போகிற பள்ளியில் ஆறாம் வகுப்பு எடுப்பவர் உங்களுக்குப் பழக்கமானால் அவரிடமும் ஒருநாள் பேசிவிடுங்கள்.

இதையெல்லாம் குழுவில் போடாதீர்கள். பிள்ளையின் கஷ்டம் ஊரே படிக்கிற இடத்தில் வரக்கூடாது. சுற்றறிக்கைப் பேச்சையும் லீவில் எடுக்க வேண்டாம். பெண்களுக்கு லீவு என்றால் வீட்டுவேலை இரட்டிப்பாகிற மாதம் என்பது உங்களுக்கே தெரியும். மத்தியானம் அடுப்படி ஓய்ந்த பிறகு கூப்பிடுங்கள். எடுக்காவிட்டால் குரல்பதிவு ஒன்று அனுப்புங்கள், முடிந்தபோது பேசுவார். நலம் விசாரித்து முடித்ததும், உங்கள் மனசை அரிக்கிற பிள்ளை யாரோ, அந்தப் பெயரைச் சொல்லுங்கள். மீதியை அக்கா பேசுவார்.