சுவிஸ் பாணிப் போஸ்டரும் தமிழ் எழுத்தும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் சபாவின் வயலின் கச்சேரிக்கு ஏ2 அளவில் போஸ்டர் செய்துகொண்டிருக்கிறேன். 1950களின் சுவிஸ் பாணியில் இருக்க வேண்டும் என்று ஆசை. சிவப்புப் பின்னணி, ஹெல்வெட்டிகா எழுத்துரு, சரித்துவைத்த தலைப்பு, நிறைய வெற்றிடம் எல்லாம் கொடுத்தாயிற்று. பார்த்தவர்கள் வங்கி விளம்பரமா என்று கேட்கிறார்கள். விவரங்களைத் தமிழில் போட்டதும் வரிகள் ஒன்றோடொன்று இடிக்கின்றன. வலது ஓரமும் கண்டபடி ஏறி இறங்குகிறது. எங்கே தவறு?

ம.

அன்புள்ள ம.,

நீங்கள் எடுத்துக்கொண்டது அந்தப் பாணியின் உடுப்பை மட்டும். அதிலும் பாதி வேறு இடத்து உடுப்பு. சிவப்பும் சரிந்த எழுத்தும் 1920களின் ரஷ்யக் கட்டுமானவாதக் கலைஞர்களை, ரோட்சென்கோவையும் லிசிட்ஸ்கியையும் நினைவூட்டுபவை. சுவிஸ் பாணியின் முக்கிய வடிவமைப்பாளர், சூரிச்சின் யோசப் முல்லர்-புரோக்மானும் எழுத்தைச் சரித்திருக்கிறார்தான். ஆனால் அவர் சரித்தால் போஸ்டரில் உள்ள எல்லாமே ஒரே கோணத்துக்குக் கட்டுப்படும். தலைப்பு மட்டும் தனியே சாயாது.

ஹெல்வெட்டிகா விஷயத்தையும் முடித்துவிடலாம். அது 1957இல் நோயே ஹாஸ் குரோடெஸ்க் என்ற பெயரில் வந்தது. ஹெல்வெட்டிகா என்ற பெயர் அதற்கு 1960இல்தான் கிடைத்தது. முல்லர்-புரோக்மான் சூரிச் டோன்ஹாலே அரங்குக்குச் செய்த பீத்தோவன் போஸ்டர் 1955ஆம் ஆண்டினது. அவருக்குப் பிடித்த எழுத்துரு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெர்லினில் வார்க்கப்பட்ட அக்சிடென்ஸ் குரோடெஸ்க். அந்தப் போஸ்டரில் சிவப்பும் கிடையாது. பாசலில் ஆர்மின் ஹோஃப்மான் 1959இல் செய்த ‘ஜிசெல்’ பாலே போஸ்டர் முழுக்கக் கறுப்பு வெள்ளை.

பீத்தோவன் போஸ்டரில் இருப்பது ஒரு கணக்கு. வட்டத்தை 32 பாகமாகப் பிரித்தால் ஒரு பாகம் 11.25 பாகை. வில் வடிவப் பட்டைகள் அந்தக் கோணங்களில்தான் தொடங்கி முடிகின்றன. அவற்றின் தடிமன் 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துப் போகிறது. பியானோ படமோ பீத்தோவன் முகமோ இல்லாமலே இசையின் ஏற்றம் கண்ணுக்குத் தெரிவதற்கு இந்த விகிதம்தான் காரணம். அந்த வில்களை நகலெடுக்க வேண்டாம். உங்கள் கச்சேரியிலேயே ஒரு விகிதம் இருக்கிறது: ஆதி தாளம், 4+2+2.

அதற்கு முன் கிரிட், அதாவது எழுத்தும் பட்டையும் உட்காரும் கோடுகளின் கட்டம். சின்ன எழுத்தின் வரி உயரத்திலிருந்து அதைக் கட்ட வேண்டும். தாளை நாலாக மடித்துக் கோடு போட்டால் கிரிட் ஆகாது. எழுத்து அந்தக் கோட்டில் உட்காராது. ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்று படிக்கத் தமிழுக்கு 24 பாயின்ட் போதும். மென்பொருள் தானாகக் கொடுக்கும் வரி இடைவெளி 120 சதவீதம். லத்தீன் எழுத்துக்கு அது சரி. தமிழில் மேல்வரியின் ‘சு’, ‘பு’ ஆகியவற்றின் கால்கள் கீழ்வரியின் ‘கீ’யையும் மெய்யெழுத்துப் புள்ளியையும் போய்த் தொடும். உங்கள் வரிகள் இடிப்பது இதனால்தான். 24 பாயின்ட்டுக்கு 34 பாயின்ட் வரி உயரம் வையுங்கள். அது ஏறக்குறைய 12 மி.மீ. இனி எல்லாவற்றுக்கும் இதுவே அலகு.

ஏ2 தாள் 420 × 594 மி.மீ. இடமும் வலமும் 24 மி.மீ. ஓரம், நடுவில் 84 மி.மீ. அகலத்தில் 4 பத்திகள் (செங்குத்துக் கட்டங்கள்), பத்திகளுக்கிடையே 12 மி.மீ. உயரத்தில் மேல் ஓரம் 30, கீழ் ஓரம் 36. மிச்சம் 528 மி.மீ., அதாவது 44 வரிகள். அதை 8 வரிகள் கொண்ட 5 அடுக்குகளாக்கி, அடுக்குகளுக்கிடையே ஒரு வரி விடுங்கள். ஒவ்வோர் அடுக்கும் 96 மி.மீ.

அடுக்குக்கு 8 வரி, தாளத்தின் ஒரு சுற்றான ஆவர்த்தனத்துக்கு 8 அட்சரம் (எண்ணிக்கை). அதில் 4 அட்சரப் பகுதி லகு, 2 அட்சரப் பகுதிகள் இரண்டும் திருதம். லகுவுக்கு 48 மி.மீ. உயரப் பட்டை, நான்கு பத்தி அகலமும். முதல் திருதத்துக்கு 24 மி.மீ. உயரம், இடப்பக்கத்து இரண்டு பத்திகள். இரண்டாம் திருதத்துக்கும் அதே உயரம், வலப்பக்கத்து இரண்டு பத்திகள். இதை மேலே மூன்று அடுக்குகளிலும் அப்படியே அடுக்கினால் ஜமுக்காளம் ஆகிவிடும். முதல் அடுக்கில் மூன்றும் இருக்கட்டும். அடுத்ததில் லகுவை எடுத்துவிடுங்கள். மூன்றாவதில் கடைசித் திருதம் மட்டும். நீங்கள் தேடிய வெற்றிடம் இப்படிக் கழித்த பிறகு கிடைப்பது. பார்ப்பவருக்கு இது ஆதி தாளம் என்று தெரிய வேண்டியதில்லை.

நான்காம் அடுக்கில் ‘வயலின்’ என்ற ஒரே சொல். மூன்று பத்தி அகலம், 276 மி.மீ. வரும்வரை எழுத்தைப் பெரிதாக்குங்கள்; 200 பாயின்ட்டை ஒட்டி வரும். ஐந்தாம் அடுக்கில் கலைஞர்கள், தேதி, நேரம், இடம். இந்த இரண்டு அளவு போதும். மூன்றாவது அளவைக் கேட்டு சபாச் செயலாளர் வருவார். தடிமனை மட்டும் கூட்டிக்கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

விவரங்களை ஒற்றைப் பத்தியில் அடைக்காதீர்கள். 84 மி.மீ.இல் 24 பாயின்ட் தமிழ் ஒரு டஜன் எழுத்துதான் கொள்ளும். ‘வெள்ளிக்கிழமை’ ஒன்றே ஏழு எழுத்து. அடுத்த சொல் நுழையாமல் கீழே இறங்கும், வலது ஓரம் கண்டபடி ஆகும். இரண்டு பத்திகளைச் சேர்த்து 180 மி.மீ. ஆக்குங்கள். வரியைப் பொருள் முடியும் இடத்தில் கையாலேயே உடையுங்கள். இரு ஓரமும் சமன் செய்தால் சொற்களுக்கிடையே ஓட்டை விழும்; இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும்.

அந்த இடது ஓரம் கணினி காட்டுவதுபோல நேராக இருக்காது. எழுத்துருவிலேயே உள்ள பக்க வெற்றிடம் 200 பாயின்ட்டில் சில மி.மீ. ஆகிவிடுகிறது. போதாததற்கு ‘வ’ வளைவோடு தொடங்குவதால் இன்னும் உள்ளே தள்ளித் தெரியும். தலைப்பை இடப்பக்கம் இழுத்து, மேலே உள்ள பட்டையின் ஓரத்தோடு கண்ணால் சேருங்கள். ‘ப’வில் தொடங்கும் சொல்லுக்கு இந்த இழுப்பு குறைவாகவே வேண்டும்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை இரண்டும் ஏற்றவை, இலவசம். தலைப்புக்கு மீடியம் தடிமன் போதும். மிகத் தடித்தால் ‘ண’, ‘ன’ சுழிகள் அடைபடும். அறுபதுகளின் பாணியில் எழுத்துகளை நெருக்கவும் கூடாது. சில மென்பொருள்களில் கொம்பும் காலும் தனித்தனியாக நகர்ந்து ‘கொ’ சிதைந்துவிடும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பை இயக்காவிட்டால் கொம்பே இடம் மாறி விழும்.

அச்சுக்குக் கறுப்பும் ஒரு சிவப்பும் போதும். ஆஃப்செட்டில் இரண்டு மையோடு முடியும். லகு சிவப்பு, திருதம் கறுப்பு என்றால் இரண்டும் தொடும் கோட்டில் தாள் சற்று நகர்ந்தாலும் வெள்ளைக் கீற்று தெரியும். கறுப்புப் பட்டையை 0.2 மி.மீ. சிவப்பின் மேல் ஏற்றி, ஓவர்பிரின்ட் (ஒரு மையின் மேலேயே இன்னொன்றை அச்சிடுவது) கொடுத்துவிடுங்கள். பட்டைகள் தாளின் விளிம்பைத் தொடாததால் பிளீட் (வெட்டும் விளிம்புக்கு வெளியேயும் வண்ணத்தை நீட்டிவைப்பது) தேவையில்லை.

கோப்பைத் தொடங்கும் முன் அச்சகத்தில் தாள் அளவைக் கேளுங்கள். டெமி தாள் 18 × 23 அங்குலம், நீளம் 584 மி.மீ.தான், ஏ2 அதில் அடங்காது. டபுள் கிரவுனில், 20 × 30 அங்குலத்தில், அடங்கும், கழிவு கொஞ்சம் அதிகம். டெமிதான் இருக்கிறது என்றால் போஸ்டரை 440 × 570 மி.மீ. ஆக்கிக்கொள்ளுங்கள். பக்க ஓரங்கள் 34, மேலே 18, கீழே 24. உள்ளே இருக்கும் கிரிட்டில் ஒரு கோடுகூட நகர வேண்டியதில்லை.